வெளிப்புற ஒளித்தகட்டு இயக்கித் தேர்வுக் குழுவின் வரலாற்றுச் சாதனை

உலகத்தில் எத்தனையோ நிபுணர் குழுக்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் தலைசிறந்தது எர்ணாவூரில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் அமைத்த குழுதான். இதை நான் சொல்வது முறையல்ல, ஏனென்றால் நான் அதன் செயலாளர். வேறு யாரும் சொல்ல முன்வராததால், பொதுநலன் கருதி நானே சொல்லிக்கொள்கிறேன்.

குழுவின் முழுப்பெயர் 'வெளிப்புற ஒளித்தகட்டு இயக்கித் தேர்வு மற்றும் பரிந்துரைக் குழு'. பெயர் வைக்க மட்டும் இரண்டு கூட்டங்கள் பிடித்தன. கம்ப்யூட்டரில் ஒயர் செருகி, பழைய சினிமா சிடி, டிவிடி போட்டு ஓட்டுகிற சின்னப் பெட்டி ஒன்று உண்டு. அதைத்தான் இப்படிச் சொல்கிறோம். கடைக்குப் போய் 'டிவிடி டிரைவ்' என்று கேட்டால் அரை நிமிஷத்தில் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். பொறுப்புள்ள ஒரு சங்கம் அரை நிமிஷத்தில் பொருள் வாங்குவது அழகல்ல.

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ரகுபதி. விம்கோ நகரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் உள்ளே வரும் கடிதங்களுக்கு நம்பர் போட்டவன். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். நம்பர் போடும் பழக்கத்தை மூட யாரும் உத்தரவு தரவில்லை.

போன ஐப்பசியில் பச்சையம்மா சங்க அலுவலகத்துக்கு வந்தார். மார்க்கெட்டில் கருவாடு விற்பவர். கையில் மூன்று பிளாஸ்டிக் பைகளுக்குள் ஒரு டிவிடி.

"அண்ணாத்த, இத்த போன்ல ஏத்திக் குடுக்க முடியுமா?"

"எந்தப் படம்?" என்றேன்.

படத்தின் பெயர் முக்கியமில்லை. அதை எடுத்தவரே மறந்துவிட்டதாகக் கேள்வி. பச்சையம்மாவின் கணவர் உதயா காசிமேட்டில் விசைப்படகில் தொழிலுக்குப் போனவர். இருபத்தொரு வருடம் முன்பு துறைமுகத்தில் படம் பிடிக்க வந்தவர்கள், ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த உதயாவை இழுத்து நிறுத்தி ஒரே ஒரு வசனம் பேசவைத்தார்கள். டப்பிங்கில் வேறு ஆளைப் பேசவைத்துப் பார்த்தார்களாம். அந்த ஆள் 'இன்னா' என்பதைப் பரீட்சை எழுதுவது போலச் சொன்னாராம். கடைசியில் ஆட்டோ அனுப்பி உதயாவையே கோடம்பாக்கத்துக்கு வரவழைத்துப் பேசவைத்தார்கள். படம் மூன்று நாள் ஓடியது. அதற்கப்புறம் நாலு மாதத்தில் உதயா போன படகு திரும்பி வரவில்லை. அப்போது மகள் சௌமியாவுக்குப் பதினொரு மாதம்.

முதல் சில வருடங்கள் அந்த டிவிடியைப் போட்டுப் பார்க்கப் பச்சையம்மாவுக்கு மனசு வரவில்லை. மனசு வந்தபோது, பிளேயர் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அதைப் பழைய இரும்புக்குப் போட்டிருந்தார்கள். படம் எந்த ஆப்பிலும் இல்லை. டிவியிலும் போடுவதில்லை.

"ஆவணில சௌமியாவுக்குக் கண்ணாலம். அதுக்குள்ள அவங்கப்பன் கொரல அது காதுல ஒரு வாட்டி போட்டுடணும். வேற ஒண்ணும் வாணாம் அண்ணாத்த."

மிகச் சின்ன வேண்டுகோள். சின்ன வேண்டுகோள்களைப் பெரிதாக்குவதற்குத்தானே சங்கங்கள் இருக்கின்றன.

எங்கள் உறுப்பினர் நிதிஷ் கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். சங்க லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான். "இப்ப வர்ற லேப்டாப்ல சிடி போட எடமே வெக்கிறதில்லண்ணே. தனியா ஒரு டிரைவ் வாங்கினா முடிஞ்சுது. நாளைக்கே ரிச்சி ஸ்ட்ரீட் போயி வாங்கினு வந்துடறேன்."

தலைவர் லட்சுமணன் கையை உயர்த்தினார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் கை உயர்ந்தால் எல்லாமே அந்தரத்தில் நிற்கும்.

"இன்னா நைனா, கத்திரிக்கா வாங்கற மாதிரி சொல்ற? ஒரு சங்கம் ஒரு பொருளு வாங்குதுன்னா அதுக்கு ஒரு மொற கீதுல்ல? பச்சையம்மா ஒருத்திக்கு மட்டும் செஞ்சா மத்தவன் கேக்கமாட்டான்?"

அன்றைக்கே 'கலைச் செல்வப் பாதுகாப்புத் திட்டம்' பிறந்தது. வீட்டில் கிடக்கும் பழைய சினிமா சிடிகளைச் சங்கத்தில் ஒப்படைத்தால் நகலெடுத்துத் தரப்படும் என்று ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தோம். இருநூற்றுப் பன்னிரண்டு சிடிகள் வந்து சேர்ந்தன. எல்லாவற்றுக்கும் நான் நம்பர் போட்டேன். பச்சையம்மாவுடையது வரிசை எண் ஒன்று. எல்லாம் பீரோவுக்குள் போயின. பீரோ சாவி தலைவர் இடுப்புக்குப் போனது.

குழு எப்படி உழைத்தது என்பதற்கு ஓரிரு உதாரணங்கள் போதும். தை மாதக் கூட்டத்தில் வேகம் பற்றிய விவாதம் நடந்தது.

"எட்டு எக்ஸ், இருவத்தி நாலு எக்ஸ்னு ரெண்டு கீது தலிவரே," என்றான் நிதிஷ். "இருவத்தி நாலு வேகம் ஜாஸ்தி."

தலைவர் பேனாவால் கணக்குப் போட்டார். "மூணு மணி நேரப் படம் ஏழு நிமிசத்துல ஓடிப்பூடும். எவன் பாப்பான்? பாட்டுலாம் இன்னாத்துக்கு ஆவும்?"

"படம் வேகமா ஓடாது தலிவரே. காப்பிதான் வேகமா ஆவும்."

"படம் ஓடாத டிரைவு நமக்கு எதுக்கு?"

எட்டு எக்ஸ் ஒருமனதாக ஏற்கப்பட்டது.

அடுத்து, ஆயிரம் வருடம் அழியாத சிடி என்று ஒன்று இருப்பதாகவும், அதில் எழுதும் டிரைவ் தனியாகக் கிடைக்கும் என்றும் யூடியூபில் ஒருவர் சொன்னது அவைக்கு வந்தது. தலைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"கேரண்டி எம்மாம் வருசம்?"

"டிரைவுக்கு ஒரு வருசம் தலிவரே."

"அப்ப மீதி தொள்ளாயிரத்தித் தொண்ணூத்தி ஒம்போது வருசத்துக்கு எவன் ஜவாப்பு?"

கம்பெனிக்குக் கடிதம் எழுதும்படி எனக்கு உத்தரவானது. எழுதினேன். பதில் வரவில்லை. 'தங்கள் மேலான கவனத்துக்கு' என்று நினைவூட்டுக் கடிதமும் எழுதினேன். அதற்குள் மாசி வந்துவிட்டது. டிவிடிக்கு அடுத்து வந்த ப்ளூ ரே தகடும் ஓடும் டிரைவ்தான் வேண்டும் என்று ஒரு பிரிவு கிளம்பியது. எங்கள் இருநூற்றுப் பன்னிரண்டில் ப்ளூ ரே ஒன்றுகூட இல்லை என்று நிதிஷ் சொன்னான். இனிமேல் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டு அவனை உட்காரவைத்தார்கள்.

பிறகு கள ஆய்வு. ஒன்பது பேர் விம்கோ நகரில் மெட்ரோ ஏறி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனோம். கடைக்காரரிடம் நான் முறைப்படி, "வெளிப்புற ஒளித்தகட்டு இயக்கி இருக்கிறதா?" என்று கேட்டேன். "இது எலக்ட்ரானிக்ஸ் கடை சார்," என்றார் அவர். நிதிஷ் மொழிபெயர்த்ததும் கையை நீட்டி ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார்.

"எத்தனை பீஸ்?"

"ஒண்ணு," என்றார் தலைவர். "மொதல்ல ஓட்டிக் காமி."

"சிடி குடுங்க."

ஒன்பது பேரில் ஒருவரும் சிடி கொண்டுவரவில்லை. சிடிகளைப் பீரோவை விட்டு வெளியே எடுக்கக் கூடாது என்பது எங்கள் தீர்மானம் எண் நான்கு. பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். பதினான்கு பக்கத்தில் ஆய்வறிக்கை கொடுத்தேன். அதில் பிரியாணி மூன்று பக்கம்தான்.

பங்குனியில் ஒருநாள் மத்தியானம் சௌமியா வந்தாள். ராயபுரத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் பில் போடும் வேலை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. வேலைக்கு நடுவில் அவசரமாக வந்திருக்கிறாள்.

"மாமா, எங்க ஆபீஸ் ஸ்டோர் ரூம்ல ஒரு பழைய கம்ப்யூட்டர் கீது. சிடி போட்டா ஓடுது, நானே பாத்தேன். எங்கம்மா குட்த்த சிடியக் குடுங்க. நாளைக்கு லஞ்ச்ல ஏத்திகினு சாயங்காலமே கொண்டாந்து வெச்சிடறேன்."

"அப்படியெல்லாம் முடியாதும்மா. அது இப்போ வெறும் சிடி இல்லை. வரிசை எண் ஒன்று. குழு பரிந்துரை செய்யும்வரைக்கும் அது சங்கப் பாதுகாப்பில் இருக்கிறது."

"அது எங்கப்பா மாமா."

வருகைப் பதிவேட்டில் 'வந்த நோக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. இந்த வாக்கியம் அதில் அடங்காததால் நான் எழுதவில்லை. சாவி தலைவரிடம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அது உண்மை. தலைவர் வீடு நாலு வாசல் தள்ளி இருந்தது. அதுவும் உண்மை. சௌமியா கொஞ்ச நேரம் பீரோவையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.

அன்று சாயங்காலம் அவசரக் கூட்டம். 'தனிநபர்கள் சிடிகளைக் கோரும் அபாயம்' என்பது பொருள்.

"இன்னைக்கு இது கேக்கும், நாளைக்கு இன்னொருத்தன் கேப்பான்," என்றார் தலைவர். "எட்த்துகினு போய் வேற ஒண்ண மாத்தி வெச்சுட்டா இன்னா பண்ணுவ? அண்டா கத மறந்துடுச்சா?"

யாரும் மறக்கவில்லை. எங்கள் சங்கம் விசேஷங்களுக்குப் பாத்திரம் தருகிற சங்கம். ஒரு தடவை கத்திவாக்கத்தில் ஒரு மஞ்சள் நீராட்டுக்குப் போன எங்கள் பெரிய அண்டா, திரும்பி வரும்போது வேறு ஏதோ ஒரு சின்ன அண்டாவாக, ஒடுக்கு விழுந்து வந்தது. நம்முடையது என்று நிரூபிக்க அதில் பெயர் இல்லை. அன்றிலிருந்து சங்கத்தில் பெயர் வெட்டாத பொருள் கிடையாது. கரண்டியில் பெயர் உண்டு. குத்துவிளக்கில் உண்டு. என் காபி டம்ளரில்கூட 'சங்கம்' என்று வெட்டியிருக்கிறது. அதனால் இருநூற்றுப் பன்னிரண்டு சிடிகளிலும் பெயர் வெட்டுவது என்று முடிவானது. கொடுத்தவர் மனம் குளிர 'உபயம்' என்று போட்டு அவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு திருத்தம் வந்தது. அந்தத் திருத்தம் என்னுடையது.

திருவொற்றியூரில் பாத்திரக் கடையில் பெயர் வெட்டும் தேவப்பிரியம், மெஷினோடு வந்து இறங்கினார். எவர்சில்வரில் அவர் கை ஓடினால் எழுத்து அச்சு மாதிரி நிற்கும். வரிசை எண் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் கதாநாயகன் படம். மறு பக்கம் வெறும் பளபளப்பு.

"எந்தப் பக்கம் வெட்டட்டும் தலிவரே?"

"ஈரோ மூஞ்சிலயா வெட்டுவ? பின்னாடி பாரு, காலியா பளபளன்னு கீது."

"ஆமா, சும்மாதான் கீது எடம். எவர்சில்வரு கணக்கா கீது."

"ஓரமா வெட்டு. அண்டாக்கு வெட்டற மாதிரி."

நிதிஷ் அந்த வாரம் முழுக்க ஷிப்டில் இருந்தான். போன் போட்டு ஒரு வார்த்தை கேட்கலாமே என்று எனக்குத் தோன்றியது. பெயர் வெட்டுவது பாத்திரக் கடை விஷயம், அதில் கம்ப்யூட்டர்காரனுக்கு என்ன வேலை என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். மெஷின் மூன்று நாள் கர்ர்ர் என்று பாடியது. முதல் சிடி என்பதால் பச்சையம்மாவுடையதற்குத் தேவப்பிரியம் தனி அக்கறை காட்டினார். பெயருக்கு இரண்டு பக்கமும் கொடி, நடுவில் ஒரு பூ. சூரிய வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து வானவில்லாக மின்னியது. இவ்வளவு அழகான வேலையை நான் என் கல்யாணச் சீர்ப் பாத்திரத்திலும் பார்த்ததில்லை.

ஆடி மாதம் குழு தன் பரிந்துரையை வழங்கியது. ரிச்சி ஸ்ட்ரீட்காரர் மாசியில் எடுத்து வைத்த அதே கறுப்புப் பெட்டி. ஆழ்ந்து ஆராயாமல் இந்த முடிவுக்கு யாராலும் வந்திருக்க முடியாது.

ஆவணி முதல் ஞாயிறு, காலை பத்து மணிக்குத் தொடக்க விழா. கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. ஷாமியானா போட்டு, பெரிய டிவி வாடகைக்கு எடுத்து, டிரைவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம். புது வண்டிக்கு வைப்பது போல எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்றார் தலைவர். பட்டனை அழுத்தியதும் டிரைவின் தட்டு தானாக வெளியே வந்தது. பழத்துக்குத்தான் வருகிறது என்று நினைத்து அவர் அதன் மேலேயே வைத்தார். நிதிஷ் பாய்ந்து எடுத்தான்.

பச்சையம்மா முன்வரிசையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சௌமியா. காதில் கம்மலைக்கூடக் கழற்றிவிட்டு வந்திருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, இடைஞ்சலாக இருக்கும் என்றாள்.

வரிசை எண் ஒன்றைத் தலைவரே தட்டில் வைத்தார். படம் ஓடியது. சும்மா சொல்லக் கூடாது, டிரைவ் அபாரம். சத்தமே இல்லை. இடைவேளை வரை ஒரு புள்ளி பிசகவில்லை. ஜனங்கள் கை தட்டினார்கள். தலைவர் எழுந்து கும்பிட்டார். இடைவேளைக்குப் பிறகுதான் துறைமுகக் காட்சி. கதாநாயகன் ஓடி வருகிறான். ஐஸ் பெட்டிகள் தெரிகின்றன. ஒல்லியாக, தலையில் துண்டு கட்டிய ஒருவர் திரும்புகிறார்.

"அதோ," என்றார் பச்சையம்மா. "அதோ பாரு."

உதயா வாயைத் திறந்தார். படம் அப்படியே நின்றது. அவர் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. டிவி கிர்ர் என்று ஒரு சத்தம் போட்டது. பிறகு திரை கறுத்துவிட்டது.

நிதிஷ் மறுபடி போட்டான். உதயா மறுபடி திரும்பினார், மறுபடி வாயைத் திறந்தார், மறுபடி உடைந்தார். ஏழு தடவை போட்டான். ஏழாவது தடவை சிடியை வெளியே எடுத்துப் பின்பக்கம் திருப்பினான். அப்புறம் அவன் எங்களில் யாரையும் பார்க்கவில்லை.

"டிரைவ்ல ஒரு குத்தமும் இல்லண்ணே," என்று தரையைப் பார்த்துச் சொன்னான். "சிடில இந்தப் பக்கத்துலதான் படமே கீது. உள்ளேர்ந்து வெளிய ஓடும். ஓரத்துல இருக்கறதுதான் பிற்பாதி. அங்கதான் வெட்டிக்கீறாங்க."

சௌமியா வந்து சிடியை வாங்கி, விளிம்பைச் சுற்றி வாசித்தாள். "உபயம், பச்சையம்மா, கணவர் பெயர் உதயா, எர்ணாவூர்."

"நூறு வருசம் ஆனாலும் தேயாது," என்று பின்வரிசையிலிருந்து சொன்னார் தேவப்பிரியம். பாவம், அவருக்கு நடந்தது புரியவில்லை.

பச்சையம்மா மகள் கையைப் பிடித்தார். "நான் சொல்றேன் கேளு. 'வந்துடும் நைனா. கடலுக்குப் போனது கரைக்கு வராம எங்க பூடும்?' இத்தத்தான் சொல்வாரு. ஷோக்கா சொல்வாரு."

"வார்த்த எனக்குத் தெரியும்மா. சின்னதுலேந்து நீ சொல்லிகினுதான கீற. கொரலுதான் தெரியாது."

எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கேயாவது எழுந்து போய்விடலாம் என்றால் செயலாளர் நாற்காலி மேடை நடுவில் போட்டிருந்தது.

பச்சையம்மா சிடியை முந்தானையால் துடைத்தார். துடைத்தால் போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ, ரொம்ப நேரம் துடைத்தார். "கூர புட்டுகினு போன பொயல்ல இத்தத்தான் மொதல்ல எட்த்தேன். கம்பெனி எண்ண கலந்து வெள்ளம் வந்துச்சே, அப்போ கய்த்து வரிக்கும் தண்ணி, இத்தத் தலமேல வெச்சுகினு நடந்தேன் அண்ணாத்த. ஒரு கீறல் வுட்டதில்ல." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். பிறகு பழையபடி மூன்று பைகளுக்குள் சிடியைப் போட்டுச் சுற்றிக்கொண்டு மகளோடு நடந்தார். சௌமியா திரும்பிப் பார்க்கவில்லை.

கூட்டக் குறிப்பை அன்று மத்தியானமே எழுதி முடித்தேன். தலைவர் மூன்று தீர்மானங்களைச் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒன்று, தேர்வு செய்யப்பட்ட டிரைவ் குறையற்றது. இரண்டு, பெயர் வெட்டிய வேலை தரமானது. மூன்று, அயராது உழைத்த குழுவுக்குப் பாராட்டு. நாலாவதாக ஒன்றை நானே சேர்த்தேன். தலைவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நான் போட்டுவிட்டேன்.

'நான்கு: மேற்படி உதயாவைக் கடல் கொண்டுபோனது. மிச்சமிருந்த அவர் குரலைக் கொண்டுபோகப் புயலும் வெள்ளமும் இருபத்தொரு வருடம் முயன்று தோற்றன. நம் சங்கம் அதைப் பத்தே மாதத்தில் செய்து முடித்தது.'